நடுவர் உடற்தகுதித் தேர்வு: புதியவர்கள் பன்னிரண்டு வாரத்தில் தயாராவது எப்படி?

விதிப்புத்தகம் மனப்பாடம், எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனாலும் ட்ராக்கில் ஏழாவது சுற்றில் மூச்சிரைத்து நின்றுவிட்டால் விசில் கைக்கு வராது. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இத்தனைக்கும் தோற்றுப்போகிறவர்களில் பலர் சோம்பேறிகள் அல்ல. தினமும் காலையில் ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஓடுகிறவர்கள். சிக்கல் அவர்கள் ஓடும் விதத்தில் இருக்கிறது.

ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓடுவது நடுவருடைய வேலை அல்ல. கால்பந்து நடுவர் ஓர் ஆட்டத்தில் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் கடக்கிறார். அந்தத் தூரம் நடை, மெல்லோட்டம், பின்னோக்கிய ஓட்டம், பக்கவாட்டு நகர்வு, திடீர் பாய்ச்சல் என்று சில வினாடிகளுக்கு ஒருமுறை உருமாறிக்கொண்டே இருக்கிறது. ஆட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி இதயத்துடிப்பு உச்சத் துடிப்பில் 85 சதவீதத்தை ஒட்டி நிற்கும். தேர்வையும் அதே அமைப்பில்தான் வடிவமைத்திருக்கிறார்கள்: ஓடு, கொஞ்சம் மூச்சு வாங்கு, மறுபடி ஓடு. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உடல் மீள வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த மீட்சியைப் பயிற்றுவிக்கத்தான்.

1. எந்தத் தேர்வு என்பதை எழுத்தில் வாங்குங்கள்

"ஓட்டத் தேர்வு இருக்கும்" என்று யாராவது வாய்வழியாகச் சொன்னதை நம்பிப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். விளையாட்டுக்கு விளையாட்டு தேர்வு வேறு. ஒரே விளையாட்டிலும் நிலைக்கு நிலை, ஆண் பெண், நடுவர் உதவி நடுவர் என்று அளவுகள் மாறும்.

கால்பந்தில் உலகக் கூட்டமைப்பான ஃபிஃபா வகுத்த தேர்வுக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதி, 40 மீட்டர் ஸ்பிரிண்ட் ஆறு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 60 வினாடி. அதற்குள் நடந்து தொடக்கக் கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். சர்வதேச நிலையில் ஆண்களுக்கு 6.0 வினாடி, பெண்களுக்கு 6.4 வினாடி எல்லை. அது முடிந்து 6 முதல் 8 நிமிடத்தில் இரண்டாம் பகுதி தொடங்கும்: 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை (சுருக்கமாக 75/25) என்று 40 முறை. மொத்தம் 4,000 மீட்டர், அதாவது 400 மீட்டர் ட்ராக்கில் பத்துச் சுற்று. ஆண்களுக்கு ஓட்டம் 15 வினாடி, நடை 18 வினாடி. பெண்களுக்கு 17, 20. கீழ்நிலைத் தேர்வுகளில் இந்த அளவுகள் தளரும். எவ்வளவு தளரும் என்பதைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். நடை நேரத்தில் நான்கு வினாடி கூடக் கிடைத்தாலே அது வேறு தேர்வு.

கூடைப்பந்தில் அதன் உலகக் கூட்டமைப்பான ஃபிபா பயன்படுத்துவது 20 மீட்டர் பீப் டெஸ்ட்: ஒலிக்கோப்பில் அடுத்த பீப் கேட்பதற்குள் 20 மீட்டர் தள்ளியுள்ள எதிர்க்கோட்டை அடைய வேண்டும். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர் கூடும். ஆண்களுக்கு 86 முறை, பெண்களுக்கு 66 முறை கோட்டைத் தொட வேண்டும். ரக்பியில் பிராங்கோ டெஸ்ட் பரவலாக உண்டு: 20 மீட்டர் போய்த் திரும்பி, 40 போய்த் திரும்பி, 60 போய்த் திரும்பினால் ஒரு தொகுதி. ஐந்து தொகுதிகள், மொத்தம் 1,200 மீட்டர், இடையில் ஓய்வே கிடையாது. வேறு சில அமைப்புகள் யோ-யோ டெஸ்ட் வைக்கின்றன. அதில் 20 மீட்டர் போய்த் திரும்பியதும் 10 வினாடி மெல்ல நகர அவகாசம் உண்டு. பீப் டெஸ்டையும் யோ-யோவையும் ஒன்றாக நினைத்துத் தவறான ஒலிக்கோப்பில் மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள் உண்டு. சரியான ஒலிக்கோப்பைத் தேர்வை நடத்துபவர்களிடமே கேளுங்கள்.

கேட்டுக்கொள்ள இன்னும் மூன்று: தேர்வு நடக்கும் தரை எது, தோற்றால் மறுதேர்வு எத்தனை நாளில், தேர்ச்சி எத்தனை மாதம் செல்லும்.

2. மருத்துவச் சான்றை முதல் வாரத்திலேயே முடியுங்கள்

பலரும் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். அப்போது இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினாலோ, இசிஜியில் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தாலோ, மேல்பரிசோதனைக்கு நாள் இருக்காது. பன்னிரண்டு வாரம் உழைத்துவிட்டு ஒரு காகிதத்துக்காக வெளியே நிற்க நேரும்.

சான்றிதழுக்கு அமைப்பின் படிவம் இருக்கிறதா, வெள்ளைத்தாளில் மருத்துவர் எழுதித் தந்தால் போதுமா என்று முன்பே விசாரியுங்கள். சான்றின் தேதிக்கும் வரம்பு இருக்கலாம். தேர்வு நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் வாங்கியது என்று கேட்பார்கள். மிகவும் முன்னதாக வாங்கிக் காலாவதியானால் இன்னொரு முறை செலவு. இதற்கு ஒரு வழி உண்டு. பரிசோதனையை இப்போதே செய்துகொண்டு உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். படிவத்தில் கையொப்பம் வாங்குவதை மட்டும் வரம்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்த அழுத்தம், ஓய்வுநிலை இசிஜி, இரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றையாவது பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இளவயதில் இதய நோயோ திடீர் மரணமோ இருந்தவர்கள், ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ட்ரெட்மில்லில் ஓடவைத்து இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். காரணம் தெரியாத சோர்வு நீடித்தால் இரும்புச்சத்து இருப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு முன்னேறாது. பெண்களுக்கு இது அடிக்கடி தவறவிடப்படும் காரணம்.

மற்ற ஆவணங்கள்: அடையாள அட்டை, வயதுச் சான்று, பதிவு விண்ணப்பம், காயம் ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது என்று கையொப்பமிடும் ஒப்புதல் படிவம். கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். காப்பீடு உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

3. செலவு எதற்கு, எதற்கு வேண்டாம்

முதல் செலவு காலணி. தேர்வு எந்தத் தரையிலோ அதற்கேற்ற ஒன்று. செயற்கை ட்ராக்கில் தேர்வென்றால் சாதாரண ஓட்டக் காலணியே போதும். ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த காலணி) வாங்க நினைத்தால் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பழகாத கெண்டைக்கால் அதில் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். புதுக் காலணியைத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பாவது போட்டுப் பழக்குங்கள். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய காலணியின் அடிப்பகுதி களைத்திருக்கும். அதை நடைக்கு ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது, 30 மீட்டருக்குக் குறையாத அளவு நாடா, பத்துக் கோன்கள். மூன்றாவது, இடைவெளி ஒலி எழுப்பும் கடிகாரம் அல்லது இலவச கைபேசிச் செயலி. விலையுயர்ந்த ஜிபிஎஸ் கடிகாரம் தேவையில்லை. 75 மீட்டர் போன்ற சிறு தூரத்தில் அது காட்டும் அளவை நம்பவும் முடியாது. நாடாவால் அளந்து கோன் வையுங்கள்.

ஊட்டச்சத்துப் பொடி, கால் இறுக்கும் உறை ஆகியவற்றுக்குப் போகும் பணத்தை ட்ராக் கட்டணத்துக்கு வையுங்கள். ட்ராக்கில் நான்கைந்து முறையாவது ஓடிப் பார்க்காமல் தேர்வுக்குப் போகக் கூடாது. வளைவில் ஓடுவதும் நேரே ஓடுவதும் ஒன்றல்ல.

4. இன்றைய நிலையை அளந்து பாருங்கள்

நன்றாக வார்ம் அப் செய்துவிட்டு 75/25 ஓட்டத்தை 15 வினாடி ஓட்டம், 24 வினாடி நடை என்று ஓடுங்கள். பெண்கள் 17, 26. எத்தனை முறை முடிகிறது என்று எழுதிவையுங்கள். 12க்குக் கீழே என்றால் முதல் கட்டத்துக்கு நான்கு வாரத்துக்குப் பதில் ஆறு வாரம் தேவைப்படும். 25ஐத் தாண்டினால் மூன்று வாரத்தில் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஸ்பிரிண்ட்டை இன்று அளக்க வேண்டாம். பழக்கமில்லாத காலில் முழு வேகம் போட்டுத் தொடைப் பின்தசையைக் கிழித்துக்கொண்டு அதோடு அந்தப் பருவத்தையே இழப்பது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

5. பன்னிரண்டு வாரப் பயிற்சி

*வாரம் 1 முதல் 4 வரை.* வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் தசைப் பயிற்சி. ஒரு நாள் 30, 40 நிமிடம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெல்லோட்டம். இன்னொரு நாள் 20 வினாடி வேகம், 20 வினாடி நடை. பத்து முறை முடிந்ததும் மூன்று நிமிடம் ஓய்வு, இப்படி இரண்டு தொகுதி. மூன்றாம் நாள் திசை மாற்றம்: முன்னோக்கி 20 மீட்டர், பின்னோக்கி 10, பக்கவாட்டில் இரு புறமும் 10. மூன்றாம் வாரத்திலிருந்து இந்த நாளின் தொடக்கத்தில் 20 மீட்டர் பாய்ச்சலை 80 சதவீத வேகத்தில் ஆறு முறை சேருங்கள்.

*வாரம் 5 முதல் 8 வரை.* தேர்வின் உருவத்துக்குள் நுழையும் கட்டம். வாரத்துக்கு ஒரு நாள் 75/25 மட்டும். ஓட்டம் எப்போதும் 15 வினாடி; குறைக்க வேண்டியது நடை நேரம். ஐந்தாம் வாரம் 24 வினாடி நடை, ஆறில் 22, ஏழில் 20, எட்டில் 18. ஒவ்வொரு வாரமும் பத்து முறை கொண்ட மூன்று தொகுதிகள், நடுவே மூன்று நிமிடம். பெண்கள் 17 வினாடியை வைத்துக்கொண்டு நடையை 26, 24, 22, 20 என்று இறக்கலாம். உங்கள் நிலைக்குத் தளர்வான அளவு உண்டென்றால் அந்த அளவோடு நின்றுவிடுங்கள்.

நடையை ஏன் குறைக்க வேண்டும்? 75 மீட்டரை 15 வினாடியில் கடப்பது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம். ஒருமுறை ஓடச் சொன்னால் பெரும்பாலோர் ஓடிவிடுவார்கள். முப்பதாவது முறையும் அதே வேகம் வருமா என்பதை, முந்தைய 29 நடைகளில் இதயத்துடிப்பு எவ்வளவு இறங்கியது என்பதே முடிவு செய்கிறது. வேகத்தை மாற்றாமல் மீட்சி நேரத்தைச் சுருக்கினால் உடல் கற்றுக்கொள்வது அதைத்தான்.

பெரிய பொறி ஒன்று. தெம்பாக இருக்கும் முதல் பத்து முறைகளில் 13 வினாடியில் ஓடிப்போய் முன்னதாக நின்றுவிடுவார்கள். அது ஓய்வுபோலத் தோன்றும். ஆனால் வேகம் கூடும்போது அதற்கான விலை அதைவிடப் பெரிதாகக் கூடுகிறது. இருபத்தைந்தாவது முறையில் கால் கனக்கத் தொடங்கும். 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் கோன் வையுங்கள். 5ஆவது வினாடியில் முதல் கோன், 10ஆவது வினாடியில் இரண்டாவது. 14.5 வினாடியில் கோட்டைத் தொடுவது சரியான வேகம்.

நடையிலும் திறமை இருக்கிறது. 25 மீட்டரை 18 வினாடியில் கடக்க வேண்டுமென்றால் விறுவிறுப்பான நடை வேண்டும். முதல் ஐந்து வினாடி குனிந்து முழங்காலைப் பிடித்து நின்றால் மீதியை ஓடித்தான் கடக்க வேண்டியிருக்கும். நிமிர்ந்து, மூச்சை நீளமாக வெளியேற்றியபடி உடனே நடக்கப் பழகுங்கள்.

ட்ராக்கில் ஓடும்போது முதல் லேனில் மட்டும் ஓடுங்கள். 400 மீட்டர் என்பது அந்த லேனின் அளவு. வெளியே போகப்போக ஒவ்வொரு லேனுக்கும் சுற்றுக்குச் சுமார் ஏழரை மீட்டர் கூடும். நான்காவது லேனில் ஓடிக்கொண்டு முதல் லேனின் கோன்களைப் பார்த்தால், வளைவுகளில் தேவையில்லாமல் கூடுதல் தூரம் ஓடிவிட்டு "எனக்கு முடியவில்லை" என்று மனம் உடைவீர்கள். ட்ராக் கிடைக்காத நாளில் 100 மீட்டர் நேர்கோட்டில் போய்வரலாம்.

*வாரம் 9 முதல் 11 வரை.* 75/25ஐ இடைவிடாமல் 20, பிறகு 30, பிறகு 40 முறை. ஆண்களுக்கான சர்வதேச அளவில் 40 முறை என்பது சரியாக 22 நிமிடம். பெண்களுக்கு 24 நிமிடம் 40 வினாடி. பதினோராம் வாரத்தின் தொடக்கத்தில் முழு ஒத்திகை: ஆறு ஸ்பிரிண்ட், 7 நிமிட இடைவெளி, பிறகு 40. இதை ஒருமுறை செய்தால் போதும். வாரந்தோறும் முழுத் தேர்வு ஓடிப் பார்ப்பவர்கள் தேர்வு நாளில் களைத்த காலோடு வருகிறார்கள்.

கூடைப்பந்து, ரக்பிக்குத் தயாராகிறவர்கள் இதே கட்டமைப்பில் 75/25க்குப் பதில் தங்கள் தேர்வை வைக்கலாம். பீப் டெஸ்டில் தோல்வி பெரும்பாலும் திரும்பும் இடத்தில் நேர்கிறது. அரைவட்டம் போட்டுத் திரும்பாமல் ஒரு காலைக் கோட்டில் ஊன்றி நேரே திரும்புங்கள். இடக்கால், வலக்கால் என்று மாற்றி மாற்றி ஊன்றினால் ஒரே தொடை தேயாது.

6. 40 மீட்டர் ஸ்பிரிண்ட்

ஐந்தாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை, ஓய்வெடுத்த காலோடு. முதல் இரண்டு வாரம் 90 சதவீத வேகத்தில் நான்கு முறை, நடுவே இரண்டு நிமிடம். அடுத்த இரண்டு வாரம் முழு வேகத்தில் ஆறு முறை, 90 வினாடி இடைவெளி. அதற்குப் பிறகுதான் 60 வினாடி.

தேர்வில் நேரம் எடுப்பது மின்னணுக் கதவு, அதாவது ஓடுபவர் கடக்கும் நொடியைத் தானே பதியும் கருவி. தொடக்கக் கோடு முதல் கதவுக்கு 1.5 மீட்டர் முன்னால் இருக்கும். கை ஸ்டாப்வாட்ச்சில் நண்பர் எடுக்கும் நேரம் உண்மையைவிட 0.2 வினாடி வரை குறைவாக வரலாம். ஆகவே ஸ்டாப்வாட்ச்சில் 5.9 வந்துவிட்டதென்று நிம்மதியடைய வேண்டாம்; 5.7 இலக்கு. கோட்டை நெருங்கும்போது வேகம் தளர்வது இன்னொரு வழக்கமான இழப்பு. 45 மீட்டரில் ஒரு கோன் வைத்து அதுவரை ஓடுங்கள்.

ஆறில் ஒன்று எல்லையைத் தாண்டினால் உடனே ஏழாவது வாய்ப்பு உண்டு. இரண்டு தவறினால் தோல்வி. இந்த விதி தெரியாமல் ஒன்றில் தவறியதும் மனம் விட்டு மீதியை மெதுவாக ஓடியவர்களும் உண்டு.

7. உதவி நடுவராக வருபவர்களுக்கு

கோட்டோரம் நிற்கும் வேலை எளிது என்று நினைத்து வராதீர்கள். தூரம் குறைவு, பக்கவாட்டு நகர்வும் குறும்பாய்ச்சலும் அதிகம். ஃபிஃபா தேர்வில் முதலில் திசை மாற்றம்: 10 மீட்டர் முன்னோக்கி, 8 மீட்டர் இடப்பக்கம், 8 மீட்டர் வலப்பக்கம், மறுபடி 10 மீட்டர். சர்வதேச நிலையில் ஆண்களுக்கு 10 வினாடி, பெண்களுக்கு 11. அடுத்து 30 மீட்டர் ஐந்து முறை, 30 வினாடி இடைவெளியில், எல்லை ஆண்களுக்கு 4.70 வினாடி, பெண்களுக்கு 5.10. பிறகு 20 மீட்டர் நேரோட்டமும் 12.5 மீட்டர் பக்கவாட்டு ஓட்டமும் மாறி மாறி வரும் தாக்குப்பிடிப்புத் தேர்வு.

பக்கவாட்டில் போகும்போது கால்கள் பின்னிக்கொள்ளக் கூடாது, இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும். தொடை இடுக்குத் தசை பழகாமல் இதைச் செய்தால் இரண்டாம் வாரத்திலேயே வலி பிடிக்கும்.

8. காயம் வராமல்

நடுவர்கள் பொதுவாக ஆட்டக்காரர்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள். தொடைப் பின்தசை, கெண்டைக்கால், குதிகால் நாண், தொடை இடுக்கு ஆகிய நான்கும் அதிகம் அடிபடும்.

வாரம் இரண்டு முறை, 25 நிமிடம் போதும். நார்டிக் பயிற்சி: முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெல்ல முன்னே சாய்வது. இரண்டு தொகுதி, தொகுதிக்கு மூன்று முறை என்று தொடங்கி எட்டு வாரத்தில் மூன்று தொகுதி, எட்டு முறைக்கு ஏற்றுங்கள். குதிகால் உயர்த்தல்: முழங்காலை நீட்டி 15, மடித்து 15. ஒற்றைக்காலில் படியேறி இறங்குதல். தொடை இடுக்குக்குப் பக்கவாட்டுப் பலகை நிலையில் (ஒரு முழங்கையை ஊன்றி உடலைப் பக்கவாட்டில் நேராகத் தாங்கி) மேல்காலை ஒரு பெஞ்சில் வைத்து இடுப்பைத் தூக்குதல். நார்டிக் செய்த மறுநாள் தொடை வலிக்கும். ஸ்பிரிண்ட் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள்.

காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. வைரஸ் தொற்று இதயத்தசையைத் தாக்கியிருந்தால் கடும் பயிற்சி உயிருக்கே ஆபத்து. ஓடும்போது நெஞ்சை அழுத்தினாலோ, கண் இருட்டினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். தேர்வு அடுத்த முறை வரும்.

9. கடைசி வாரமும் தேர்வு நாளும்

பன்னிரண்டாம் வாரம் அளவைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு 75/25 பன்னிரண்டு முறை, இரண்டு நாள் முன்பு 40 மீட்டர் இரண்டு முறை, அவ்வளவுதான். வெயில் நேரத்தில் தேர்வென்றால் அதற்கு முந்தைய பத்து முதல் பதினான்கு நாள் அதே நேரத்தில் பயிற்சி செய்து உடலைப் பழக்குங்கள்.

தேர்வுக்கு மூன்று மணி நேரம் முன்பு, உங்களுக்கு வழக்கமான மாவுச்சத்து உணவு. புதிதாக எதையும் குடித்துப் பார்க்க வேண்டாம். 20 நிமிட வார்ம் அப்பின் கடைசியில் 90 சதவீத வேகத்தில் 30 மீட்டர் மூன்று முறை ஓடினால்தான் முதல் ஸ்பிரிண்ட்டுக்குக் கால் தயாராகும். இரண்டு பகுதிகளுக்கும் நடுவே உட்காராதீர்கள்; நடந்துகொண்டே ஒன்றிரண்டு மிடறு தண்ணீர்.

75/25இல் விசிலுக்கு முன் காலெடுக்கக் கூடாது. முடிவு விசிலுக்குள் ஒரு கால், கோன்களால் குறித்த நடைப்பகுதிக்குள் இருக்க வேண்டும். அந்தப் பகுதி 75 மீட்டர் கோட்டுக்கு 1.5 மீட்டர் முன்பே தொடங்கிவிடும். ஒருமுறை தவறினால் எச்சரிக்கை, மறுமுறை தவறினால் வெளியே. குழுவாக ஓடும்போது முன்னால் பறப்பவரைத் துரத்தாதீர்கள்.

10. தேர்ச்சி பெற்ற பிறகு

வாரம் ஓர் ஆட்டம் நடத்தினால் அதுவே ஒரு கடும் பயிற்சி. அதோடு ஒரு நாள் 75/25 இருபது முறை, இன்னொரு நாள் நான்கு ஸ்பிரிண்ட், தசைப் பயிற்சி ஒருமுறை. ஆட்டத்துக்கு மறுநாள் 20 நிமிட மெல்லோட்டம் அல்லது முழு ஓய்வு. இரண்டு, மூன்று வாரம் முழுதாக விட்டாலே மூச்சு இறங்கத் தொடங்கும். தேர்ச்சி காலாவதியாகும் தேதியைக் குறித்துவைத்து அதற்கு எட்டு வாரம் முன்பு ஐந்தாம் வாரப் பயிற்சியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.